வலையில் கோத்த இரண்டு குண்டுகள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி போன வாரம் என்னிடம் கேட்டாள், நாம் எழுதி அனுப்புகிற வாக்குமூலத்தை யாராவது படிக்கிறார்களா என்று. படிக்கிறார்கள். சில சமயம் படிக்க வேண்டிய ஆளே படிக்கிறார். அப்படி நடந்த ஒரு தடவையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அதை நினைத்தால் எனக்குக் கை பரபரக்கிறது, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை. கொஞ்சம் முன்னே பின்னே ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் சென்னையில் ஒரு மனித உரிமைக் குழுவில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். குழு என்றால் ஏதோ பெரிதாக நினைக்காதீர்கள். வக்கீலம்மா ஒருவர், நான் ஒருத்தி, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு டைப்ரைட்டர். அக்கரையிலிருந்து உயிர் தப்பி வரும் குடும்பங்களைப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதி வெளிநாடுகளுக்கு அனுப்புவோம். எந்த அக்கரை, எந்த அரசாங்கம் என்று இங்கே பெயர் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாததும் இல்லை.

அந்த அரசாங்கத்துக்கு ஒரு பெரிய நாடு ரோந்துப் படகுகளை உதவியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. கடத்தலைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். அதே பெரிய நாட்டில் ஒரு சட்டமும் இருந்தது. உதவி வாங்கும் அரசு தன் சொந்த ஜனங்களையே தொடர்ந்து சுட்டால், சித்திரவதை செய்தால், ஆட்களைக் காணாமல் போகச் செய்தால், அதற்கு ராணுவ உதவி தரக் கூடாது. அந்தச் சட்டத்தை முதன்முதலில் டைப் அடித்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். இவ்வளவு சுலபமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்தார். சுட்டது யார், எதால் சுட்டார்கள், நாங்கள் கொடுத்ததாலா சுட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் சட்டம் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்றார்.

அடுத்த தவணைப் படகுகளைக் கொடுப்பதா வேண்டாமா என்று அந்த நாட்டின் நாடாளுமன்றக் குழு ஒன்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். குழுவின் உதவியாளர் ஒருவர் சென்னைக்கு வந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் அவருக்கு விமானம். அன்று காலை பார்த்துப் பழவேற்காட்டிலிருந்து டெலிபோன். வக்கீலம்மாவுக்குத் தெரிந்த ஒரு மீன் வியாபாரி பேசினார். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் அக்கரைப் படகு ஒன்று ஒதுங்கி நாலு நாள் ஆகிறது, உள்ளே ஒரு புருஷன் பெண்டாட்டி, படகெல்லாம் துப்பாக்கி ஓட்டை என்றார்.

எனக்கு உடம்பு ஜிவ்வென்று ஆகிவிட்டது. ஓட்டை விழுந்த படகு! வாக்குமூலத்தைப் பொய் என்று சொல்லலாம், படகை எப்படிப் பொய் என்று சொல்வார்கள்? மறுநாள் பத்து மணிக்கு உதவியாளரை அழைத்து வருவதாக வக்கீலம்மா சொன்னார். முன்னால் போய்ப் படம் எடுத்து, வாக்குமூலம் எழுதி வைக்க வேண்டியது என் வேலை. இரவல் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து பழவேற்காடு பஸ்ஸைப் பிடித்து, வழியெல்லாம் டிரைவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

ஏரியைப் படகில் தாண்டிக் குப்பத்து மணலில் இறங்கியதும் ஊர்த் தலைவர் என்னை நேராகப் படகிடம் கூட்டிப்போனார். முகத்தில் அத்தனை பெருமை. பார்த்தேன். படகு புத்தம் புதிதாக நின்றது. ஓட்டைகள் எல்லாம் ஆப்பு அடித்து அடைத்து, மட்டமாகச் செதுக்கி, மேலே தார் பூசி, முன்பக்கத்தில் மஞ்சள் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள்.

நான் அங்கேயே கத்தினேன். மரியாதை, வயசு எதையும் பார்க்கவில்லை. யாரைக் கேட்டு அடைத்தீர்கள், அது சாட்சி இல்லையா, உங்களுக்கு மூளை இல்லையா என்றெல்லாம் கேட்டுவிட்டேன். தலைவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னாமா பேசுற? பொழைக்க வந்த புள்ளைங்க படகு. ஓட்டையோட கரையில வுட்டா ஊருக்கு நல்லாருக்குமா? கடலு கொண்டாந்து குடுத்த படக மறுவாரத்துக்குள்ள தண்ணியில எறக்கணும். எங்க நைனா காலத்துல இருந்து அப்பிடித்தான்."

அவர் சொன்னது அந்த ஊரின் முறை. அடிபட்டு ஒதுங்கிய படகு எந்த ஊருடையதாக இருந்தாலும், ஊரே கூடிச் சரிசெய்து, அந்த ஆளைத் தொழிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்ற பேச்சு. அவர்கள் இடத்தில் அதுதான் நியாயம். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. உலகத்தில் உள்ள நல்ல மனசெல்லாம் சேர்ந்து என் தலையில் கல்லைப் போட்டதாகத்தான் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டை எடுத்தேன்.

படகில் வந்தவள் ஞானம். முப்பது வயசிருக்கும். புருஷன் பக்கத்திலேயே இருந்தார், அதிகம் பேசவில்லை. அவள்தான் பேசினாள். அவள், புருஷன், அவளுடைய தம்பி அமலன் மூவரும் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். பட்டப்பகலில் ஒரு சாம்பல் நிற ரோந்துப் படகு குறுக்கே வந்து, நிறுத்து என்று கூடச் சொல்லாமல் சுட்டது. எஞ்சின் சிதறியது. பிறகு பக்கத்தில் வந்து அணைத்து, அமலனை மட்டும் இழுத்துத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயசு. இவர்களைத் தெற்குக் காற்றும் நீரோட்டமும் ஐந்து நாள் இழுத்துவந்து பழவேற்காட்டில் போட்டிருக்கின்றன. ரோந்துப் படகில் ஏதாவது பெயர், எழுத்து பார்த்தாயா என்று கேட்டேன். துப்பாக்கியைத்தான் பார்த்ததாகச் சொன்னாள். அது தோளில் வைத்துச் சுடுகிற துப்பாக்கி இல்லை, படகிலேயே நட்டு வைத்திருந்தது என்றாள்.

அமலனுக்காகத்தான் அவள் என்னிடம் பேசவே ஒப்புக்கொண்டாள். மூன்று தடவை கேட்டாள், நாளைக்கு வரப்போகும் அந்த வெள்ளைக்காரர் நினைத்தால் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்று. முடியும் என்று சொல்லவும் தைரியமில்லை, முடியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. கேட்பார் என்று நினைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எழுதும்போது எங்கள் அலுவலக விதிப்படி, பிடிபட்டிருப்பவன் பெயரை விட்டுவிட்டு, 'ஓர் இளைஞர்' என்று எழுதிக்கொண்டேன். பெயர் வெளியானால் உள்ளே இருப்பவனுக்கு ஆபத்து வரும் என்பதற்காக ஏற்பட்ட விதி அது. நல்ல விதி. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. படகை அடைத்த ஆசாரி பாய் பழவேற்காடு டவுன்காரர், நாலு தலைமுறையாகப் படகு வேலை செய்கிற குடும்பம். அவர் சாமான் பெட்டியோடு வந்து, என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத் தாரைச் சுரண்டி ஆப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினாலு. நான் அவர் பெட்டியில் இருந்த துளைக்கிற தமரைப் பார்த்தேன். பிள்ளைகளே, நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓட்டை இருந்தது உண்மைதானே, அதே இடத்தில் திரும்பத் துளைத்துவிடலாம் பாய், அரை மணி நேரம் போதுமே என்று கேட்டேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தமரு போட்ட ஓட்டை தமரு ஓட்டை மாதிரிதான்மா இருக்கும். வர்றவரு பட்டாளத்துல இருந்தவரா இருந்தா இன்னா பண்ணுவ? அந்தப் பொண்ணு சொன்ன மொத்தமும் பொய்யாப் பூடும்." அப்படிச் சொல்லிவிட்டு, சர்வ சாதாரணமாக, "வோணும்னா அந்தக் குண்டக் காட்டுமா. ரெண்டு கெடச்சுது" என்றார்.

எந்தக் குண்டு என்று கேட்டேன். படகின் உள்சட்டத்தில் புதைந்திருந்ததை உளியால் நெம்பி எடுத்தாராம். நல்ல கனம். ஈயம் மாதிரி கனக்கிறதே என்று குப்பத்து மீனவன் முனுசாமி கேட்டானாம். பாய் அதில் துளை போட்டுக் கொடுக்க, முனுசாமி தன் வலையின் அடிக்கயிற்றில், தண்ணீரில் அமிழ்வதற்காகக் கோக்கிற குண்டுகளோடு சேர்த்துக் கோத்துக்கொண்டானாம்.

வேறு எந்த ஊரிலாவது இது நடக்குமா சொல்லுங்கள். சாட்சியை எடுத்து வலையில் கோத்துவிட்டார்கள்! நான் தலையில் அடித்துக்கொண்டே சிரித்தேன். வலை எங்கே என்றேன். ஏரியில் என்றார் தலைவர். அன்றைக்கு முனுசாமியின் பாடு.

பாடு என்றால் முறை. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்கள் கொஞ்சம்தான். அதனால் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் வலை கட்டலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. ஒருவன் பாட்டில் இன்னொருவன் கிட்டே போகக் கூடாது. ஒரு முறை தப்பினால் சுற்று முடிந்துதான் மறுபடி வரும். நீர் வற்றி ஓடத் தொடங்கினால்தான் வலையில் இறால் விழும், அதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. உதவியாளர் வருவதற்கோ இரண்டு மணி நேரம்கூட இல்லை. நடுவில் வலையைத் தூக்கினால் முனுசாமிக்கு அன்றைய பாடு போச்சு.

தலைவர் உத்தரவு போடவில்லை. போடவும் மாட்டாராம், அன்றைய பாடு யாருடையதோ அவன் வாயால் சொல்ல வேண்டுமாம். என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு தானே கோல் ஊன்றினார். கொஞ்சம் தள்ளிப் படகை நிறுத்தி, விஷயத்தைத் தண்ணீருக்கு மேலேயே சொன்னார். அந்தப் பெண்ணின் தம்பி சமாசாரம் என்று மட்டும்தான் சொன்னார். முனுசாமி இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டான். என்னைப் பார்த்தான், வலையைப் பார்த்தான். பிறகு சரி என்று சொல்லி, வலை கட்டியிருந்த கழியைப் பிடுங்க ஆரம்பித்தான். நான் முந்தின நாள் மூளை இல்லையா என்று கேட்டது இந்த ஜனங்களைத்தான்.

அடிக்கயிற்றைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்து, மஞ்சளாக மின்னிய இரண்டையும் அறுத்து என் உள்ளங்கையில் போட்டான். கரைக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து வக்கீலம்மாவும் உதவியாளரும் படகில் வந்துகொண்டிருந்தார்கள். என் புடவை முழங்கால் வரை சேறு.

உதவியாளர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தார். அதிகம் சிரிக்காத மனிதர். படகைச் சுற்றி வந்தார். ஆப்புகளை விரலால் தொட்டு எண்ணினார், பாய் கூடவே எண்ணினார். குண்டுகளைக் கொடுத்தேன். கையில் வைத்து எடை பார்த்ததும் அவர் முகம் மாறியது. இது தங்கள் நாடு கொடுத்த ரோந்துப் படகுகளில் நட்டு வைக்கிற துப்பாக்கிக்கு உரியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாய் சொன்ன மாதிரியே ராணுவத்தில் இருந்தவர்தான். பிறகு அதிலிருந்த துளையைக் காட்டி இது என்ன என்றார். பாய் போட்ட துளை, வலையில் கோப்பதற்காக, இப்போதுதான் ஏரியிலிருந்து அறுத்து எடுத்து வந்தோம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஈரம் காயாத முனுசாமியைப் பார்த்தார். அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். இட்டுக்கட்டுகிறவர்கள் இப்படி ஒரு கதையை இட்டுக்கட்ட மாட்டார்கள் என்று வக்கீலம்மாவிடம் சொன்னார். காலையில் அரை மணி நேரம் கேட்டேனே, அந்தத் தமர் ஓட்டைகளைப் போட்டிருந்தால் இந்த நிமிஷத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

பிறகு வாக்குமூலத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஓர் இளைஞரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற இடம் வந்ததும், அவர் பெயர் என்ன என்று கேட்டார். பெயரை வெளியிடுவதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஞானம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன கேட்டார் என்றாள். சொன்னேன்.

"அப்ப ஏன் பேரைச் சொல்லேல்லை?"

அவனுடைய பாதுகாப்புக்காக என்றேன். விதி, ஆபத்து எல்லாவற்றையும் அவசர அவசரமாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா, ஆரும் தேடாத ஆளைத்தான் அவங்கள் கடலுக்குள்ள போடுவாங்கள். பேர் இல்லாமல் போய்க் கேட்டால், அப்பிடி ஒருத்தன் இல்லையெண்டு சொல்லிப்போடுவாங்கள். பேரைச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்கோ."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார் என்பது தெரிந்தது. படகுக்காரர் தண்ணீர் வற்றுகிறது, சீக்கிரம் என்று கூப்பிட்டார். சொல்லி, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சொல்லாமல், அதனாலேயே ஆகிவிட்டால்? விதி நல்லதுதான், ஆனால் அது காப்பாற்ற நினைக்கிற மனிதர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, மூடி மறைக்காமல் சொன்னேன்: பெயரைச் சொன்னதற்காகவே அவனைக் கொன்றாலும் கொல்லலாம், அப்புறம் என்னால் எதுவும் செய்ய முடியாது. அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"தெரியும். சொல்லுங்கோ."

சொன்னேன். அமலன், அப்பா பெயர், ஊர், வயசு, இடது புருவத்தில் தழும்பு. உதவியாளர் எழுதிக்கொண்டு, எழுத்துக்கூட்டி ஒரு தடவை என்னிடம் காட்டினார். அவ்வளவுதான். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி படகில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த சில மாதங்கள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தபால்காரர் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். அந்த நாட்டுக் குழுவில் பெரிய சண்டையே நடந்ததாகக் கேள்விப்பட்டோம். உதவியை அடியோடு நிறுத்தவில்லை. நான் அதற்குத்தான் ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. ஆனால் ஒரு முடிச்சுப் போட்டார்கள். கடலில் பிடிபட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அந்த அரசாங்கம் எழுத்தில் பதில் சொல்லும்வரை அடுத்த தவணைப் படகுகள் கிடையாது. அமலன் என்று பெயர் சொல்லியே கேட்டிருந்தார்கள்.

ஒரு நாள் உறை வந்தது. உள்ளே ஒரு தாள், அந்த அரசாங்கம் கொடுத்த பதிலின் நகல். முகாமில் அடைத்து வைத்திருப்பவர்களின் பட்டியல். பன்னிரண்டு பெயர்கள், ஏழாவது அமலன். அப்பா பெயர் சரி, ஊர் சரி. உயிரோடு இருக்கிறான்! வக்கீலம்மாவும் நானும் மாடிப்படிக்குக் கீழே நின்று அழுதோம், சிரித்தோம், திரும்பத் திரும்ப அந்த வரியை வாசித்தோம். தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பழவேற்காட்டுத் துறையில் படகு ஏறியதும் படகுக்காரரிடம் சொல்லிவிட்டேன், என்னால் அடக்க முடியவில்லை. அவர் எழுந்து நின்று, தூரத்தில் வலை கட்டிக்கொண்டிருந்த படகைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினார்: "ஞானம் தம்பி உசுரோட கீறானாம்." அந்தப் படகு அடுத்த படகுக்குச் சொன்னது, அது அதற்கடுத்த படகுக்கு. ஏரி முழுக்க அந்த ஒரே வாக்கியம் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் படகில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டேதான் போனேன்.

கரையில் இறங்கியபோது ஊரே நின்றது. ஞானம் இறால் உரித்துக்கொண்டிருந்த கையோடு வந்தாள். அழவில்லை. காட்டுங்கோ என்றாள். ஆங்கிலத்தில் இருந்த அந்த ஏழாவது வரியில் அவள் விரலைப் பிடித்து வைத்தேன். விரல் அங்கேயே நெடுநேரம் இருந்தது. புருஷன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அப்படியே காற்றில் மிதந்துகொண்டிருந்தேன். இந்த ஒரு நாளுக்காக ஆயுசு முழுக்க டைப் அடிக்கலாம் என்று நினைத்தேன்.

ஞானத்தின் விரல் மெதுவாக மேலே போயிற்று, பிறகு கீழே வந்தது. இதெல்லாம் என்ன என்று கேட்டாள். அமலனைப் போலப் பிடித்து வைத்திருக்கும் மற்றவர்களின் பெயர்கள் என்றேன். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்றாவது பெயரில் நிறுத்தச் சொன்னாள். பக்கத்து ஊர்ப் பையன், அவன் தாய் அவனைக் காணவில்லை என்று மெழுகுவர்த்தி ஏற்றி அழுதுகொண்டிருந்தாள் என்றாள்.

"இந்தப் பதினொரு பேர்ர வீட்டுக்கும் சொல்லியாச்சோ அக்கா?"

அந்தத் தாளை வக்கீலம்மாவும் நானும் எத்தனை தடவை வாசித்திருப்போம். எங்களுக்கு அதில் ஒரு பெயர்தான் கண்ணில் பட்டது. இல்லை என்றேன்.

"அப்ப ஏன் இஞ்ச நிக்கிறியள்?" என்றாள் ஞானம்.